எஸ்ட்ரடயால் மூளைச் செல்லைக் காக்கிறதா? எச்டி22 செல்களில் சோதிக்கும் முறை

எஸ்ட்ரடயால் என்பது எஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த முக்கியமான பெண் ஹார்மோன். எச்டி22 என்பது சுண்டெலி மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியிலிருந்து உருவாக்கிய, ஆய்வகத்தில் வளர்க்கும் செல் வரிசை. நரம்புச் செல்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளூட்டமேட் மிகுந்தால், சிஸ்டின் என்ற அமினோ அமிலம் செல்லுக்குள் வரும் வழி அடைபடும். அதைக் கொண்டு செல் உருவாக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பியான குளூட்டாதயோன் தீர்ந்து, ஆக்சிஜனேற்றச் சேதத்தால் செல் சாகும். பக்கவாதத்தில் நரம்புச் செல் சாகும் விதம் வேறு. முடிவை எழுதும்போது இரண்டையும் குழப்ப வேண்டாம்.

சோதனை கெடுவது பெரும்பாலும் செல் வளரும் திரவமான மீடியத்தில்தான். அதற்கு நிறம் தரும் ஃபீனால் ரெட் லேசாக எஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும். கன்றுச் சீரத்தில் ஹார்மோன் இயல்பாகவே உண்டு. ஒப்பீட்டுக்காக ஹார்மோன் தராமல் வைக்கும் கன்ட்ரோல் செல்களுக்கும் ஹார்மோன் போய்ச் சேர்ந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? ஃபீனால் ரெட் இல்லாத மீடியமும், கரியால் ஹார்மோன் நீக்கிய சீரமும் வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

17-பீட்டா எஸ்ட்ரடயால் 2.72 மி.கி. எடுத்து 1 மி.லி. எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார் ஸ்டாக் (மூலக் கரைசல்). கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். குறைந்த செறிவுகளையும் எத்தனாலிலேயே நீர்த்து, மீடியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேருங்கள். அப்போது எல்லாக் குழிகளிலும் எத்தனால் 0.1 சதவீதமே இருக்கும். வெறும் எத்தனால் கொடுத்த கன்ட்ரோலும் கட்டாயம்.

96 குழி பிளேட்டில் குழிக்கு 5,000 செல் விதையுங்கள். நெருக்கமாக வளர்ந்தால் குளூட்டமேட்டைத் தாங்கிக்கொள்ளும். "எதுவும் சாகவில்லை" என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம். ஓரக் குழிகளில் மீடியம் ஆவியாகும், அவற்றில் செல் வேண்டாம். மறுநாள் தனித்தனிக் குழிகளில் 10 நானோமோலார், 10 மைக்ரோமோலார் எஸ்ட்ரடயால். 24 மணி நேரம் கழித்து 5 மில்லிமோலார் குளூட்டமேட், இன்னொரு 24 மணி நேரம். சோடியம் உப்பையே பயன்படுத்துங்கள். குளூட்டமிக் அமிலத்தை அப்படியே போட்டால் பிஎச் இறங்கி, செல் அமிலத்தால் செத்திருக்கும்.

உயிருள்ள செல்கள் ஊதாப் படிகமாக மாற்றும் எம்டிடி சாயத்தை 0.5 மி.கி./மி.லி. சேர்த்து 3 மணி நேரம் கழித்து, அந்தப் படிகத்தை டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள். எம்டிடி காட்டுவது வளர்சிதைமாற்ற வேகம். உயிரோடிருக்கும் செல்களின் எண்ணிக்கையை அது நேரடியாகச் சொல்லாது. எஸ்ட்ரடயால் மட்டும் கொடுத்த குழிகளும், சேதமான செல்லிலிருந்து வெளியேறும் எல்டிஹெச் நொதியின் கசிவு அளவீடும் கூடவே வேண்டும்.

பாதுகாப்பு தெரிந்தால், அது எஸ்ட்ரோஜன் ஏற்பி (ஹார்மோன் பிணையும் செல் புரதம்) வழியா என்று பாருங்கள். எஸ்ட்ரடயாலுக்கு ஒரு மணி நேரம் முன் அந்த ஏற்பியைத் தடுக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் மருந்தை 1 மைக்ரோமோலார் கொடுங்கள். அதன் கரைப்பானையும் எல்லாக் குழிகளிலும் சமமாகச் சேருங்கள். இன்னொரு வரிசையில், ஏற்பியோடு வலுவாகப் பிணையாத 17-ஆல்ஃபா எஸ்ட்ரடயால். ஃபுல்வெஸ்ட்ரன்ட்டுக்குப் பிறகும் பாதுகாப்பு நீடித்து, ஆல்ஃபா வடிவமும் காப்பாற்றினால், அது பெரும்பாலும் மூலக்கூறின் ஃபீனால் வளையம் செய்யும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு. 10 மைக்ரோமோலாரில் எச்டி22 செல்களில் வழக்கமாகக் கிடைப்பது இதுவே. ஆனால் அது உடலில் காணும் அளவைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம்: மாதவிடாய்ச் சுழற்சியின் உச்சத்திலும் ரத்தத்தில் எஸ்ட்ரடயால் ஒன்றிரண்டு நானோமோலாரைத் தாண்டுவது அரிது.

பிளேட்டில் கிடைத்த பலனை மாத்திரைக்குப் பரிந்துரையாக்க வேண்டாம். 2003இல் வெளியான ஹார்மோன் சிகிச்சையும் பெண்களின் நினைவாற்றலும் பற்றிய அமெரிக்க 'விம்ஸ்' (WHIMS) ஆய்வில், 65 வயது கடந்த பெண்களுக்குக் குதிரை எஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனும் சேர்த்துக் கொடுத்தபோது மறதி நோய் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பானது.