ஏஐ எழுதிய மனுவைக் கொடுப்பதற்கு முன்

சென்னை ராஜாஜி சாலையில், கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சிங்காரவேலர் மாளிகைப் பக்கம் மனு எழுதிக் கொடுக்கிறேன். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கூட்டம் அலைமோதும். இப்போது பலர் சாட்ஜிபிடி எழுதியதைப் போனிலேயே கொண்டுவருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அப்படியே கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் போனை ஓரமாக வைத்துவிட்டு, மனு யாருக்கோ அவரைப் பேசவிடுங்கள். முதியோர் பென்ஷன் நின்றுபோன ஒரு அம்மா வந்தார். மனு முழுக்க வறுமை பற்றிய அழகான வரிகள். "எப்பம்மா நின்னுச்சு?" என்று கேட்டேன். "மகன் வீட்டுக்கு வந்தப்புறம்தாம்பா" என்றார். முகவரி மாறியதுதான் விஷயம். மனுவில் அது இல்லவே இல்லை. சாட்ஜிபிடியில் மனுவை எழுதவைத்த பேரன் அதைக் கேட்கவில்லை, கருவிக்கும் சொல்லவில்லை.

அப்புறம், அரசாணை எண், தேதி எது இருந்தாலும் சரிபாருங்கள். அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதும் கருவி அது. இல்லாத எண்ணையும் இருப்பதுபோலவே எழுதிவிடும்.

பிறகு சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். 'தங்கள் பாதம் பணிந்து' மாதிரி வரிகளை அடித்துவிடுங்கள். தகுதி இருக்கிறவர் எதற்குக் கூனிக்குறுக வேண்டும்? கையெழுத்தோ கைநாட்டோ, அவருக்குப் புரிந்த பிறகே வாங்குங்கள்.