நிகழ்தகவு படிக்கத் தொடங்க இரண்டு பகடையும் ஒரு கட்டம் போட்ட நோட்டும்

சிங்கப்பூரின் தோ பாயோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் துணைப்பாட வகுப்பு நடக்கிறது. வாரத்தில் மூன்று மாலை தொடக்கக்கல்லூரி மாணவர்கள் வருவார்கள். நிகழ்தகவுப் பாடம் வந்தாலே முதலில் கேட்பது, "டீச்சர், இதுக்கு எந்த சூத்திரம்?" என்பதுதான். சூத்திரத்தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். என்னென்ன நடக்கலாம் என்று முழுதாக எழுதிப் பார்க்காமல் சூத்திரத்தில் கை வைத்தால், விடை தப்பாக வந்தாலும் தப்பு என்றே தெரியாது.

சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று இரண்டு பகடை வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டில் 6க்கு 6 கட்டம் போடுங்கள். மேலே சிவப்புப் பகடையின் எண்கள், இடது ஓரத்தில் நீலத்தின் எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டையும் கூட்டி எழுதுங்கள். இந்த 36 கட்டமும் சேர்ந்ததுதான் கூறுவெளி. அதில் நமக்கு வேண்டிய கட்டங்களின் கூட்டம் நிகழ்ச்சி. எல்லாக் கட்டத்துக்கும் சம வாய்ப்பு என்றால், வேண்டிய கட்டங்களை எண்ணி 36ஆல் வகுத்தால் நிகழ்தகவு வந்துவிடும்.

போன மாதம் ஒரு மாணவி, கூட்டுத்தொகை 7 வர மூன்றே வழி என்றாள்: 1-6, 2-5, 3-4. நான் ஒன்றும் சொல்லவில்லை. பகடைகளை எடுத்து சிவப்பில் 2, நீலத்தில் 5 தெரியும்படி வைத்தேன். அப்புறம் சிவப்பில் 5, நீலத்தில் 2. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டும் வேற வேற கட்டம்" என்று சொல்லிவிட்டு, நோட்டில் குறுக்காக இறங்கும் ஆறு ஏழுகளையும் பென்சிலால் வட்டமிட்டாள். 6/36, அதாவது 1/6. ஒரே நிறப் பகடையாக இருந்தால் இந்தத் தவறு கண்ணில் படவே படாது. இரண்டு நிறம் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

கூட்டல், பெருக்கல் விதிகளையும் அதே கட்டத்தில் பார்த்துவிடலாம். 7 அல்லது 11 வர வாய்ப்பு 6/36 + 2/36. இரண்டும் ஒரே வீச்சில் நடக்காது, அதனால் கூட்டினால் போதும். 'கூட்டுத்தொகை 7 அல்லது சிவப்பில் 6' என்றால் அப்படியே கூட்டக்கூடாது. சிவப்பு 6, நீலம் 1 என்ற கட்டம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கும். ஒன்றைக் கழித்தால் 11/36. 'குறைந்தது ஒரு பகடையிலாவது 6' என்று கேட்டால், 6 வராத கட்டங்களை எண்ணுங்கள்: 5 × 5 = 25. மிச்சம் 11/36. 'குறைந்தது' என்ற சொல்லைக் கண்டதும் எதிர்ப்பக்கத்தை எண்ணி 1இலிருந்து கழிப்பது பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெருக்கலில்தான் ஆபத்து. இரண்டிலும் 6 வர 1/6 × 1/6 என்று பெருக்கலாம், ஏனென்றால் சிவப்பில் விழுந்தது நீலத்துக்குத் தெரியாது. இப்படி ஒன்றையொன்று பாதிக்காதவை சார்பற்ற நிகழ்ச்சிகள். ஆனால் உலகத்தில் எல்லாம் பகடை இல்லை. சிங்கப்பூரில் சராசரியாக வருஷத்துக்கு 171 நாள் மழை பெய்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாளைச் சொன்னால், அன்று மழை பெய்திருக்க வாய்ப்பு 171/365, அதாவது 0.47. அதே நாள் டிசம்பரில் வருகிறது என்று தெரிந்தால் 31இல் 19, 0.61. பிப்ரவரி என்றால் 28இல் 9, 0.32 தான். ஒரு தகவல் தெரிந்ததும் கூறுவெளி சுருங்குகிறது. சுருங்கிய வெளிக்குள் எண்ணுவதுதான் நிபந்தனை நிகழ்தகவு. வடகிழக்குப் பருவமழையில் நேற்று பெய்திருந்தால் இன்றும் பெய்ய வாய்ப்பு கூடும். ஆகவே 'அடுத்தடுத்து ஐந்து நாள் மழை' என்ற கணக்குக்கு 0.47ஐ ஐந்து முறை பெருக்கினால் விடை உண்மையைவிடச் சிறியதாக வரும். பெருக்குமுன், 'இது நடந்தது அதற்குத் தெரியுமா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியை எனக்குள் ஊன்றியவர் என் தாய்மாமா. புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் நாலு நம்பர் (4D) லாட்டரிச் சீட்டு வாங்குவார். பழைய முடிவுகளை எல்லாம் எழுதி வைத்து, "இந்த நம்பர் வந்து ரொம்ப நாளாச்சு, இனி வந்தே ஆகணும்" என்பார். சின்ன வயதில் நானும் அதை நம்பினேன். அந்தக் காசில் பாதி வீட்டுச் செலவுக்கு வந்திருக்கவேண்டியது என்பது பின்னால் புரிந்தபோது மனசு வலித்தது. குலுக்கும் எந்திரத்துக்குப் போன வாரத்து நினைவு கிடையாது. 0000 முதல் 9999 வரை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறையும் அதே வாய்ப்புதான்.

அடுத்தது சமவாய்ப்பு மாறி. பெயர்தான் பயமுறுத்தும்; நடப்பது ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை ஒட்டி வைப்பது, அவ்வளவுதான். எந்த எண் எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற பட்டியல் நிகழ்தகவுப் பரவல். மாமாவின் சீட்டையே எடுத்துக்கொள்வோம். 'பிக்' வகையில் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினால் முதல் பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, ஸ்டார்ட்டர் பரிசு பத்து எண்களுக்குத் தலா 250, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. ஒவ்வொரு பரிசையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் 6,590/10,000, அதாவது 66 காசு. இது எதிர்பார்ப்பு: நெடுங்காலம் கட்டினால் ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது. போகிற 34 காசு எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் போகும்.

சராசரியோடு நிறுத்தினால் பாதிதான் தெரிந்ததாகும். அதே சீட்டின் திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு, ஏறக்குறைய 24 வெள்ளி. 66 காசு சராசரிக்கு இவ்வளவு சிதறல்! அபூர்வமாக வரும் பெரிய பரிசு மனசில் தங்கிவிடுகிறது. வெறுங்கையாகப் போன நாட்கள் தங்குவதில்லை. மாமா பல வருஷம் விடாமல் வாங்கியதற்குக் காரணம் இந்தச் சிதறல்தான் என்று நினைக்கிறேன்.

ஈருறுப்புப் பரவலுக்கும் இதே கணக்குப் போதும். சிறப்புக் குலுக்கலை விட்டுவிட்டால் வருஷத்துக்கு 156 குலுக்கல். மொத்தம் 3 + 10 + 10 = 23 எண்களுக்குப் பரிசு என்பதால், ஒரே ஒரு எண்ணுக்கு ஏதாவது பரிசு விழும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 23/10,000. முயற்சிகளின் எண்ணிக்கை நிலையானது, விழும் அல்லது விழாது என்ற இரண்டே முடிவு, வாய்ப்பு மாறாது, ஒன்றுக்கொன்று சார்பில்லை. இந்த நான்கும் பொருந்தினால்தான் ஈருறுப்பு. டிசம்பர் மழைக்கு நான்காவது பொருந்தாததால் அங்கே இதைப் போடக்கூடாது. வருஷம் முழுக்க ஒன்றுமே விழாமல் போக வாய்ப்பு 0.9977ஐ 156 முறை பெருக்கியது: 0.698.

முயற்சி நிறைய, வாய்ப்பு ரொம்பச் சிறியது என்றால் பாய்சான் பரவல் அதே வேலையைச் சுலபமாக முடிக்கும். பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் 1837இல் வெளியிட்டது. அதற்குச் சராசரி ஒன்றே போதும்: 156 × 0.0023 = 0.3588. e என்ற கணித மாறிலியை (ஏறக்குறைய 2.718) −0.3588 அடுக்குக்கு உயர்த்தினால் 0.699, ஏறக்குறைய அதே விடை. அதைச் சராசரியால் பெருக்கினால் சரியாக ஒரு முறை விழும் வாய்ப்பு, 0.25. மாமாவிடம் ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: உங்களைப் போல ஒரே எண்ணை வருஷம் முழுக்க வாங்கும் 100 பேரில் ஏறக்குறைய 70 பேருக்கு ஒன்றுமில்லை, 25 பேருக்கு ஒரு பரிசு, 5 பேருக்கு அதற்கு மேல். ரொம்ப நேரம் படித்தார். இப்போது ஞாயிறு மட்டும் வாங்குகிறார்.

இயல்நிலைப் பரவல் வேறு விதம். இங்கே எண்ணுவதில்லை, அளக்கிறோம். என் கணவர் வேலைக்குப் போய்ச் சேரும் நேரத்தை 60 நாள் குறித்து வைத்தார். சராசரி 42 நிமிடம், திட்டவிலக்கம் 4. லிஃப்டுக்குக் காத்திருப்பது, சாலை விளக்கு, எம்ஆர்டி ரயில் மேடை என்று சின்னச் சின்னத் தாமதங்கள் பல சேரும்போது மணி வடிவம் (நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் வளைவு) வருகிறது. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 7இல் குவிவதும் அதன் தொடக்கம்தான். 68 சதவீத நாட்கள் சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கத்துக்குள், 95 சதவீதம் இரண்டுக்குள். 50 நிமிடம் முன்னால் கிளம்பினால் தாமதமாக வாய்ப்பு 2.3 சதவீதம். ரயில் சேவை தடைபடும் நாள் மட்டும் இந்த மணிக்குள் அடங்காது; அதைச் சேர்த்து எண்ணாதீர்கள்.

சரி, இன்றிரவே செய்து பார்க்க ஒன்று. இரண்டு பகடையையும் 36 தடவை வீசி, 7 எத்தனை முறை விழுகிறது என்று கோடு போடுங்கள். இது ஈருறுப்பு: சராசரி 36 × 1/6 = 6, திட்டவிலக்கம் 36 × 1/6 × 5/6இன் வர்க்கமூலம், 2.24. சரியாக 6 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2 முதல் 10 வரை எது வந்தாலும் இயல்புதான். 15 வந்தால் பகடையை மாற்றுங்கள்.