பதுங்கி ஆடும் கேம்களில் ஓட்டோ எய்ம்: வாதாடவும் செட் பண்ணவும் ஒரு வழி

“ஓட்டோ எய்ம் போட்டு முடிச்சதெல்லாம் முடிச்ச கணக்கா?”

பின்னேரமானால் என் கடை வாசலில் யாராவது ஒருவர் இதைக் கிளப்பிவிடுவார். ஓட்டோ எய்ம் என்றால், சுடும்போது குறியை எதிரியின் மேல் கேமே பிடித்துக் கொடுக்கும் வசதி. திருகோணமலை என்.சி. வீதிப் பக்கம் ஃபோனும் கேம் கொன்ட்ரோலரும் திருத்துவது என் தொழில். திருத்த வந்தவர், அவரோடு கூட வந்தவர், சும்மா பிளேன்ரீ குடிக்க நின்றவர் என்று நாலு பேர் சேர்ந்துவிட்டால் வாய் ஓயாது. வடிவாகக் கேட்டால், அவர்கள் ஒரே விசயத்தைக் கதைப்பதே இல்லை. ஒருவர் கைக்குக் கிடைக்கும் உதவியைத் திட்டுகிறார். மற்றவர் கண்ணுக்குக் கிடைக்கும் உதவிக்குப் பரிந்து வருகிறார். இன்னொருவர், பிழை விட்ட பிறகு கேம் காப்பாற்றிவிடுவதைச் சொல்லிச் சிரிக்கிறார். இந்த மூன்றையும் பிரித்து வைத்தால் சண்டை பாதியாகிவிடும். உங்கள் செட்டிங்ஸில் எதை ஓட விடுவது, எதை நிப்பாட்டுவது என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

முதலில் கொன்ட்ரோலர்

அசிஸ்ட்டை, அதாவது கேம் தரும் உதவியை, குறை சொல்ல முன் கையில் இருப்பதைச் சோதியுங்கள். உப்புவெளியிலிருந்து வந்த தம்பி ஒருவன், “அண்ணா, இந்தக் கேமில மக்னட் கூடிப்போச்சு, குறி தானா இழுக்குது” என்றான்.

“எந்தப் பக்கம்?”

“எப்பவும் இடது மேல் பக்கம்.”

காவல்காரன் எப்போதும் இடது மேல் பக்கத்திலேயே நிற்பானா? வலது ஸ்டிக்கைக் கழற்றிக் காட்டினேன். அதன் பக்கங்களில் இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்று மேல் கீழுக்கு, மற்றது இடம் வலத்துக்கு. உள்ளே கறுப்புக் காபன் தடம், அதன் மேல் உரசி ஓடும் மெல்லிய உலோகக் கை. அவனுடையதில் நடுப்பகுதித் தடம் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்கும் ஒரு கோடாகிவிட்டிருந்தது. தடம் இப்படித் தேய்ந்தால், விரலை எடுத்த பிறகும் ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருப்பதாகத்தான் கேமுக்குச் செய்தி போகும்.

இதைப் பிரித்தறிவது சுகம். கேமுக்குள் எதிரி யாரும் இல்லாத ஒரு வெறும் சுவரைப் பார்த்து நில்லுங்கள். துப்பாக்கியைத் தூக்குங்கள், வலது ஸ்டிக்கிலிருந்து விரலை எடுங்கள். குறி ஊர்ந்தால் அது ட்ரிஃப்ட். செட்டிங்ஸில் டெட் ஸோனை (ஸ்டிக்கின் நடுவில் அசைவைக் கேம் கணக்கில் எடுக்காத பகுதி) கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஊர்வது நிற்கும் இடத்தில் விடுங்கள். அதற்கு மேல் கூட்டினால் சின்ன அசைவுகள் கேமுக்குப் போய்ச் சேராது, குறி பார்ப்பது இன்னும் கஷ்டமாகும். புது ஸ்டிக் போடுவதென்றால் ஹோல் எஃபெக்ட் வகையைக் கேளுங்கள். அது காந்தத்தால் இடத்தை அறிவது, உரசித் தேய அதில் தடமே இல்லை. டீவியில் கேம் மோட் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். படம் பிந்தி வந்தால் எந்த அசிஸ்ட்டும் ஒழுங்காக வேலை செய்கிற மாதிரித் தெரியாது.

கைக்குக் கிடைக்கும் உதவி

சுவர்ச் சோதனை முடிந்ததா? இப்போது அசையாமல் நிற்கும் ஒரு காவல்காரனின் மேலாகக் குறியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அவன்மேல் வரும்போது மட்டும் குறி பாரமாகி மெதுவானால், அது வேகத்தைக் குறைக்கும் வகை. அவன் நடக்கும்போது குறியும் கூடவே கொஞ்சம் சரிந்து போனால் மக்னட் வகை. எய்ம் பட்டனை அமத்திய உடனே குறி பக்கத்து ஆளிடம் பாய்ந்தால் ஸ்னாப். குறி ஒரு நூல் விலகியும் வெடி பட்டால், குறி விலகியதைக் கேம் கண்டும் காணாமல் விடுகிறது என்று அர்த்தம். கடைசியானதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனபடியால் அதைப்பற்றிச் சண்டையும் குறைவு.

நேருக்கு நேர் சுடும் கேமில் ஒரு வெடி தவறினால் அடுத்த வெடி இருக்கிறது. பதுங்கி ஆடும் கேமில் தவறிய ஒரு வெடி முழு முகாமையும் எழுப்பிவிடும். ஆகவே இங்கே அசிஸ்ட்டின் விலை கூட. ஆனால் பலர் கவனிக்காத இன்னொரு பக்கம் இருக்கிறது. ஓட்டோ எய்ம் வழக்கமாகப் போய் ஒட்டுவது நெஞ்சில். மயக்க ஊசித் துப்பாக்கியோ தலையில் பட்டால்தான் ஆளை உடனே விழுத்தும். நெஞ்சில் பட்டவன் சற்று நேரம் நின்று, திரும்பிப் பார்த்து, சத்தம் போட்டுவிட்டுத்தான் சாய்வான்.

இந்த இடத்தில் மெட்டல் கியர் சொலிட் தொடரைப் பார்ப்பது நல்லது. 1998இல் வந்த முதலாவதில் துப்பாக்கி தானாகவே ஆளைப் பிடித்துக்கொள்ளும். எங்கே சுடுவது என்பது உங்கள் கையில் இல்லை. 2001இல் வந்த இரண்டாவதில் கதாநாயகனின் கண்ணால் பார்த்துக் குறிவைக்க விட்டார்கள். தலையா, காலா, பக்கத்தில் இருக்கும் வேறு பொருளா என்று தெரிவு செய்யும் வேலை அப்போதுதான் ஆடுகிறவருக்கு வந்தது. ஆகவே “பழைய கேம் எல்லாம் கஷ்டம், இப்பத்தான் எல்லாம் ஓட்டோ” என்று யாராவது தொடங்கினால் இந்த இரண்டு ஆண்டுகளையும் எடுத்துச் சொல்லுங்கள்.

என் கட்சி இதுதான்: கைக்கான உதவியை யாரும் வெட்கமில்லாமல் போடலாம். ஸ்டிக்கில் விரல் எவ்வளவு நுணுக்கமாக ஓடுகிறது என்பது பதுங்குவதன் சாரம் அல்ல. 2020இல் வந்த ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் பாகம் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. அதில் குறி எதிரிமேல் தானாகப் பூட்டிக்கொள்ளும் லொக் ஒன் எய்ம் இருக்கிறது, அதன் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதையும் மாற்றலாம். அந்த ஆண்டு த கேம் அவார்ட்ஸில் அணுகல் வசதிக்கான விருது முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியதும் அதுதான். ஒரு கையால் ஆடுகிறவரும், பார்வை குறைந்தவரும் அதைக் கடைசி வரை ஆடி முடிக்கலாம். அவர்களிடம் போய் “கணக்கில் வராது” என்று சொல்ல நான் தயாரில்லை.

கண்ணுக்குக் கிடைக்கும் உதவி

சண்டை உண்மையில் நடக்க வேண்டியது இங்கேதான். சுவருக்கு அப்பால் ஆளைக் காட்டும் பார்வை, தலைக்கு மேல் முக்கோண அடையாளம், நீங்கள் கண்ணில் பட்டீர்களா என்று நிரம்பிவரும் வில் வடிவ அளவி எல்லாம் இந்த வகை.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கும் மான்களுக்குக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மேயும் தலை முதலில் நிமிரும், பிறகு காது திரும்பும், பிறகு முன்னங்கால் ஒன்று தரையைத் தட்டும். அதற்குப் பிறகும் ஓர் அடி வைத்தால் ஓடிவிடும். காதைப் பார்த்தே எங்கே நிற்பது என்று உங்களுக்குத் தெரியும். நல்ல பதுங்கல் கேமில் காவல்காரனின் கழுத்தும் குரலும் அந்த வேலையைச் செய்யும். அளவி அதை எண்ணாக்கி முன்னால் வைத்துவிடுகிறது. பார்த்துப் பழகுவதற்கு முதல் இரண்டு மிஷனுக்கு நல்லது. அதற்குப் பிறகு கண் அளவியைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

ஆகவே நிப்பாட்டத் தொடங்குவதென்றால் இதிலிருந்து தொடங்குங்கள், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். முதலில் சுவர் தாண்டும் பார்வை, பிறகு தலைக்கு மேலுள்ள அடையாளம். அளவியைக் கடைசிக்கு விடுங்கள். கேம்களே கூட இதை அறிந்து வைத்திருக்கின்றன. 2012இல் வந்த ‘ஹிட்மேன்: அப்சொலூஷன்’ தன் மிகக் கடினமான பியூரிஸ்ட் நிலையில் குறியைக்கூடத் திரையிலிருந்து எடுத்துவிடும். ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ முதலாம் பாகத்தின் கிரவுண்டட் நிலையில், சுவருக்கு அப்பால் கேட்டறியும் வித்தை இல்லை.

ஸ்னைப்பர் எலீட் தொடரின் சிவப்பு அடையாளம் மட்டும் கொஞ்சம் சிக்கல். மூச்சைப் பிடித்தால் குண்டு உண்மையில் எங்கே விழும் என்று காட்டும். அது கைக்கு உதவியா, கண்ணுக்கா? கிண்ணியாவிலிருந்து வரும் என் கூட்டாளி, “மச்சான், அது கணக்குக்கு உதவி” என்பான். தூரம் குண்டை எவ்வளவு இறக்கும், காற்று எவ்வளவு தள்ளும் என்று கணிப்பதுதான் அந்தக் கேமின் உயிர் என்பது அவன் வாதம். எனக்கும் உடன்பாடு. ஆகவே அந்த அடையாளத்தோடு கொஞ்சம் ஆடி, எந்தத் தூரத்துக்கு எவ்வளவு மேலே பிடிப்பது என்று கை பழகிய பிறகு அது இல்லாத நிலைக்குப் போங்கள். மிகக் கடினமான ஓத்தென்டிக் நிலையில் அது இல்லை.

பிழைக்குக் கிடைக்கும் உதவி

மெட்டல் கியர் சொலிட் 5இல் ஒருவன் உங்களைக் கண்ட கணத்தில் நேரம் மெதுவாகும். அவன் சத்தம் போட முன் சுட்டுவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பெயர் ரிஃப்ளெக்ஸ், செட்டிங்ஸில் நிப்பாட்டலாம். முதல் சுற்றுக்கு அதை ஓட விடுங்கள். இரண்டாம் சுற்றிலும் அது ஓடிக்கொண்டிருந்தால், எட்டிப் பார்த்துப் போவதை விட்டுவிட்டு, வாசலால் நேரே நடந்துபோய் மாட்டிக்கொண்டு சுடுவது பழக்கமாகிவிடும். முதல் சுற்று முடிந்ததும் ஒரேயடியாக நிப்பாட்ட வேண்டியது இதைத்தான்.

இதற்குப் பக்கத்தில் வைத்துத் திட்டப்படுவது 2010இல் வந்த ‘ஸ்பிளின்டர் செல்: கொன்விக்‌ஷன்’. ஆட்களை அடையாளமிட்டு ஒரு பட்டனை அமத்தினால் அத்தனை பேரும் விழுவார்கள். குறிவைப்பது முழுக்க ஓட்டோ. கடை வாசலில் இதற்கு வக்காலத்து வாங்குவது நான் ஒருவன்தான். அந்த வசதி சும்மா கிடைப்பதில்லை. யாராவது ஒருவனைக் கையெட்டும் தூரத்துக்குப் பதுங்கிப் போய் அடித்து வீழ்த்தினால்தான் கிடைக்கும். எத்தனை பேரை அடையாளமிடலாம் என்பது துப்பாக்கியைப் பொறுத்தது. யாரை முதலில் கையால் அடிப்பது, எங்கிருந்து பார்த்தால் மற்றவர்கள் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வருவார்கள் என்று யோசிப்பது நீங்கள். ரிஃப்ளெக்ஸ் பிழை விட்டவனுக்குக் கிடைக்கிறது, இது பதுங்கியவனுக்குக் கிடைக்கிறது. 2013இல் வந்த ‘பிளாக்லிஸ்ட்’ தன் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் நிலையில் இதை எடுத்துவிட்டது. எடுத்த பிறகும் நன்றாகத்தான் இருந்தது என்று மறுபக்கம் சொன்னால், அதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை.

வாதாடும்போது

கேமின் பெயரைச் சொல்லி வாதாடாதீர்கள், செட்டிங்ஸைச் சொல்லுங்கள். அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லாவில் சண்டைக்கு ஒரு கடினநிலை, பதுங்கலுக்கு வேறொரு கடினநிலை. ஒளிந்திருந்து குத்தினால் ஆள் கட்டாயம் விழவேண்டும் என்பதற்குத் தனி சுவிட்ச். ஒரே கேமை இரண்டு பேர் இரண்டு கேமாக ஆடிவிட்டு வந்து கத்துவது இதனால்தான். மவுஸில் ஆடியவரும் ஸ்டிக்கில் ஆடியவரும் ஓட்டோ எய்ம் பற்றி மோதினால் இரண்டு பேரையும் இருத்திவிட்டு வேறு கதைக்குப் போங்கள். மவுஸ்காரருக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

தீர்த்தே ஆகவேண்டும் என்றால் ஒரே மிஷனை எடுங்கள். ஒரே கொன்ட்ரோலர், ஒரே கடினநிலை. ஒரு முறை கைக்கான உதவி மட்டும், மறுமுறை கண்ணுக்கான உதவி மட்டும். எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை தடவை மணி அடித்தது, எத்தனை தடவை நின்று பார்த்துப் பாதையை மாற்றினார் என்று பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

இணையத்தில் இன்னொருவரோடு ஆடும்போது மட்டும் இந்தப் பெருந்தன்மை எல்லாம் செல்லாது. 2022இல் வந்த ஸ்னைப்பர் எலீட் 5இல் வேறொரு ஆள் எதிரி ஸ்னைப்பராக உங்கள் மிஷனுக்குள் இறங்கலாம். அந்த நேரம் உங்கள் வசதி அவருக்கு நட்டம். தெரிந்த ஆள் என்றால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தெரியாத ஆட்கள் வருவது பிடிக்கவில்லை என்றால் அந்த வாசலையே செட்டிங்ஸில் அடைத்துவிட்டுத் தனியே ஆடலாம்.