மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸை மட்டையில் செய்வோம்

கல்லடிக் கரையில் நின்றால் வெறுங்கடல்தான் தெரியும். ஆனால் அங்கிருந்து சில மைல் தொலைவில், ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் செய்ய வேண்டிய மாதிரிக் கப்பல் இதுதான் என்பது என் எண்ணம்.

அளவும் வசதியானது. கப்பலின் நீளம் 600 அடி. 1:600 அளவில் செய்தால் சரியாக ஓர் அடிமட்டத்தின் நீளம் வரும். உடலின் அகலம் 70 அடி, மாதிரியில் அது மூன்றரை சென்ரிமீற்றர். இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை இந்த அளவுக்குப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்பாகம். ரெஜிஃபோமை நீர்மட்டம் வரை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு தரம் பைன்டர் கம் பூசிக் காயவிடுங்கள். பூசாமல் ஸ்பிரே பெயின்ற் அடித்ததால் என் முதல் கப்பல் கரைந்தே போனது.

மேற்பாகத்தைப் பிரிஸ்டல் போட்டில் உள்ளே வெறுமையான பெட்டியாகச் செய்யுங்கள். தளத்தில் ஓட்டை போடும்போது உள்ளே இருண்ட அறை தெரிய வேண்டும். கோபுரமும் பாய்மரமும் வலது பக்கம்.

இனிச் சேதம். பெயின்றுக்கு முன்பே செய்துவிடுங்கள். இந்த அளவில் ஒரு மில்லிமீற்றர் மட்டை 60 சென்ரிமீற்றர் இரும்புக்குச் சமம். அதைக் கிழித்தால் கிழிந்த மட்டையாகத்தான் தெரியும். அதனால் ஓட்டையைப் பெரிதாக வெட்டி, சொக்லட் சுற்றிவரும் ஈயத்தாளை அதன்மேல் ஒட்டி, ஊசியால் கீழிருந்து மேலே குத்திக் கிழியுங்கள். குண்டுகள் தளத்தைத் துளைத்து உள்ளே வெடித்தன, ஆகவே விளிம்புகள் மேல்நோக்கி விரிய வேண்டும். விமானங்களைத் தளத்துக்கு ஏற்றும் முன்பக்க லிஃப்ட் பிடுங்கப்பட்டுத் தலைகீழாகத் தளத்தில் விழுந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். அதையும் ஒரு சிறு துண்டு மட்டையில் செய்து வையுங்கள்.

சாம்பல் நிறம் அடித்துக் காய்ந்ததும், சிரட்டைக்கரியைத் தூளாக்கி, உலர்ந்த தூரிகையால் ஓட்டையிலிருந்து பின்பக்கமாக இழுங்கள். கப்பல் முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது எரிந்தது அல்லவா? துருநிறம் மட்டும் வேண்டவே வேண்டாம். அன்று காலை கிழிந்த இரும்பு துருப்பிடிக்கும் முன்பே கடலுக்குள் போய்விட்டது. கிழிசலின் ஓரத்தில் ஈயத்தாளின் வெள்ளை மினுக்கம் கொஞ்சம் தெரியட்டும்.

கடலுக்கு ரிஷூத்தாளைப் பைன்டர் கம்மில் நனைத்துப் பலகையில் ஒட்டி, காய்ந்தபின் நீலம் அடித்து வார்னிஷ் பூசுங்கள். ஏப்ரலில் நம் கடல் அடங்கியிருக்கும், பெரிய அலை வேண்டாம். ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்துக் கப்பலின் சாய்வை அமையுங்கள்.

அப்புறம் பலகையில் கொஞ்ச இடத்தை வெறுமையாக விடுங்கள். அந்த நீரில் ஊசிமுனையால் சிறுசிறு புள்ளிகள் வையுங்கள். இந்த அளவில் நீந்தும் மனிதனின் தலை அவ்வளவுதான். வீற்றா என்ற மருத்துவக் கப்பல் வந்து ஏற்றிய நூற்றுக்கணக்கானோர் அந்தப் புள்ளிகள்தான்.