மிளகரணையை அடையாளம் காண்பது எப்படி?
கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டோரத்தில் வேட்டியைப் பிடித்து இழுக்கும் முட்கொடியெல்லாம் மிளகரணை இல்லை, இண்டு என்ற வேறொரு முட்கொடியாகவும் இருக்கலாம். முதலில் இலையைப் பாருங்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள். சிற்றிலைக்குத் தனிக்காம்பு கிடையாது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும், நாரத்தைக் குடும்பமாயிற்றே! இண்டு இலையோ புளியிலைபோலப் பொடிப்பொடியாக இருக்கும்.

இளந்தண்டில் கீழ்நோக்கி வளைந்த முட்கள். அவற்றை மாட்டித்தான் மரமேறுகிறது. முற்றிய தண்டில் தக்கைக் குமிழ்கள், நுனியில் முள். உருண்டைக் காய் பழுத்தால் ஆரஞ்சு நிறம். ஆண், பெண் பூக்கள் தனித்தனிக் கொடியில் பூப்பதால், காய் இல்லையென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இலைகூடப் பறிக்கக் கூடாது. கொடியிலேயே லேசாகத் தேய்த்து, விரலை முகருங்கள்.