சேலத்து முதலாளி வெப்சைட்காரரிடம் எதைப் பார்க்கிறார்? நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்கோ, இளம்பிள்ளை சேலை வியாபாரியிடமோ வெப்சைட் வேலை கேட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் லேப்டாப்பைத் திறந்து பழைய வேலைகளைக் காட்டுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கடைக்காரர் பொறுமையாகப் பார்ப்பார், டீ வாங்கிக் கொடுப்பார், "சொல்லி அனுப்பறேன் தம்பி" என்பார். அப்புறம் போன் வராது. விலையை அதிகமாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து அடுத்த கடையில் குறைத்துச் சொல்கிறோம்.

நான் பார்த்த வரையில் விலையால் கைநழுவும் வேலை குறைவு. அவர் மனதில் ஓடுவது வேறு. என் தொழில் இந்தத் தம்பிக்குப் புரிகிறதா? நாளைக்கு ஏதாவது ஆனால் போன் எடுப்பாரா? இவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் என் கையில் என்ன இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் டிசைன் அழகைப் பற்றி மட்டும் பேசுவதில்தான் பாதி வேலைகள் போகின்றன.

தொழிலைக் கேட்காமல் டெம்ப்ளேட்டைக் காட்டுவது

கொலுசு வியாபாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி விலை தினமும் மாறுகிறது. எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி மூன்றும் சேர்ந்துதான் ஒரு ஜோடியின் விலை. அவரிடம் போய், ஒவ்வொரு கொலுசுக்கும் ஒரு நிலையான விலையும் கீழே ஒரு கார்ட் பட்டனும் வைத்த கடையைக் காட்டினால், இவருக்கு நம் தொழில் தெரியாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிடுவார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்கு இருக்கிறது. புது டிசைனின் போட்டோ பொதுவில் வந்தால் அடுத்த பட்டறையில் அதே அச்சு சீக்கிரமே வந்துவிடும். அதனால் யார் வேண்டுமானாலும் பார்க்கும் பக்கத்தில் கடையின் விவரம், செய்யும் வகைகள், தொடர்பு எண் இருந்தால் போதும். புது டிசைன்களை, தெரிந்த மொத்த வியாபாரிகள் மட்டும் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் கேட்டலாக்கில் வைக்கலாம். இதை நீங்களாக எடுத்துச் சொன்னால் அதற்குமேல் லேப்டாப்பைக் காட்ட வேண்டிய அவசியமே வராது.

ஜவ்வரிசி ஆலை என்றால் கேள்வி மாறும். இங்கே தயாராகும் சரக்கு நிறைய மகாராஷ்டிரா பக்கம் விரதச் சாப்பாட்டுக்குப் போகிறது. ஆங்கிலப் பக்கத்தைவிட இந்திப் பக்கம் அங்கே அதிகம் பயன்படும். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு வழியாகவே சரக்கு முழுவதையும் விற்கிறவருக்கு ஆன்லைன் கடையே தேவைப்படாமல் இருக்கலாம். அப்படி என்றால் தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் ஒருவரிடம் நேர்மையாகச் சொன்ன பேச்சு மொத்த வியாபாரம் நடக்கும் லீ பஜார் வரைக்கும் போகும்.

இளம்பிள்ளைக்காரருக்கோ தினமும் புதுச் சரக்கு வரும். ஒவ்வொரு சேலைப் படத்தையும் உங்களுக்கு அனுப்பி, நீங்கள் ஏற்றும் வரை அவர் காத்திருக்கும்படி செய்தால் ஒரு மாதத்தில் வெப்சைட்டை மறந்துவிட்டு வாட்ஸப்பிலேயே விற்கத் தொடங்குவார். போனில் எடுத்த படத்தை அவரே ஏற்றத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தையும் உங்கள் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் தேதி தவறினால்

மலையில் தங்கும் விடுதியோ ஹோம்ஸ்டேயோ வைத்திருப்பவருக்கு ஏப்ரல், மே மாதங்கள்தான் வருமானம். மே மாதக் கோடை விழாக் கூட்டம் போனபின் ஜூனில் வெப்சைட்டை ஒப்படைத்தால் அவருக்கு ஒரு வருடம் வீண். சீசனில் அவர் உங்களுக்குப் போட்டோ அனுப்பவோ உட்கார்ந்து பேசவோ முடியாது. காப்பித் தோட்டமும் உள்ளவர் என்றால் டிசம்பர், ஜனவரியில் பழம் பறிப்பு இருக்கும். ஆக மழைக் காலத்திலேயே விவரங்களை வாங்கி, பிப்ரவரிக்குள் முடிப்பதுதான் சரி. படங்களையும் சுருக்கிப் போடுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் சுமாராகத்தான் இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து வழி தேடுகிறவருக்கு, பெரிய பனிமூட்டப் படம் திறக்கும் வரை போன் நம்பர் தெரியவில்லை என்றால் அவர் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவார். மேப்பில் இடக்குறி சரியாக விழுகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

சாவியை நம் கையில் வைத்துக்கொள்வது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். டொமைன் பெயரை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, வெப்சைட்காரர் தன் மின்னஞ்சலில், தன் பெயரில் பதிவு செய்துகொள்வது. பல பேர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, அது சுலபம் என்பதால் செய்கிறார்கள். ஆனால் மூன்று வருடம் கழித்து அந்த வெப்சைட்காரர் பெங்களூருவில் வேலைக்குப் போய்விடுகிறார், புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டியில் விழுகிறது, கெடு முடிகிறது. கடைப் பலகை, விசிட்டிங் கார்டு, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி வேறு யாருக்கோ போகும் நிலை வருகிறது.

.இன் என்று முடியும் டொமைன் பெயர்களின் பதிவேட்டை நிக்சி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. அங்கே உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், பணம் கட்டியவர் யார் என்பது அப்புறம்தான். அதனால் கடைக்காரரின் மின்னஞ்சல், அவரது செல் எண், அவரது யுபிஐ மூலமே பதிவு செய்யுங்கள். மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலிலும் முதன்மை உரிமையாளர் அவராக இருக்கட்டும், நீங்கள் மேலாளராக இருந்தால் போதும்.

அடுத்தவர் இடத்தில் மட்டும் கடை போடுவது எப்படி முடியும் என்பதற்கு 2024 மார்ச் ஒரு சாட்சி. பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த வெப்சைட்டுகளை கூகுள் அந்த மாதம் மூடிவிட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த சிறு கடைகளுக்கு முகவரியே இல்லாமல் போனது. டொமைன் ஏன் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்று விளக்க இந்த ஒரு செய்தி போதும்.

சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் தனியாக வேலை எடுத்து எழுதிய புரோகிராம் கோடுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதியவர்தான் முதல் உரிமையாளர். முழுப்பணம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரே பக்கத்தில் இதை எழுதி, நீங்களாகவே நீட்டிப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸைத் தவிர வேறு சட்டத் தாள் பார்க்காத வியாபாரிக்கு அது கொடுக்கும் தைரியம் பெரிது.

பணத்தில் பாதியை மறைப்பது

முதல் வருடச் சலுகை விலையை மட்டும் சொல்லி வேலையைப் பிடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஹோஸ்டிங், அதாவது சைட்டை வைத்திருக்கும் சர்வர் வாடகை, புதுப்பிக்கும்போது விலை பல மடங்கு ஏறும் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இரண்டாம் வருடம் என்ன வரும், ஆன்லைனில் பணம் வாங்கினால் பேமெண்ட் கேட்வே எவ்வளவு பிடிக்கும், படம் மாற்ற உங்களுக்கு எவ்வளவு என்று மூன்றையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். சைட்டுக்குப் பாதுகாப்பான இணைப்பு தரும் எஸ்எஸ்எல் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு மூலம் இலவசமாகவே கிடைக்கும்போது அதற்கு வருடா வருடம் தனியாகக் காசு வாங்குவது நியாயமில்லை.

ஜிஎஸ்டி பற்றியும் தெளிவாகப் பேசிவிடுங்கள். வெப்சைட் சேவைக்கு 18 சதவீதம். கடைக்காரரின் ஆடிட்டர் ஜிஎஸ்டி பில் கேட்பார், ஏனென்றால் அதை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். உங்கள் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாகப் பதிவு தேவையில்லை. ஆனால் பதிவு இல்லாமல் ஜிஎஸ்டி என்று சொல்லிப் பணம் வாங்கக் கூடாது.

"கூகுளில் முதல் இடம் வாங்கித் தருகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. கடையின் நேரம், முகவரி, படங்கள் மேப்பில் சரியாக இருக்கும், வரும் விமர்சனங்களுக்குப் பதில் எழுதிக் கொடுப்பேன் என்று செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

சிறிய விஷயம் ஒன்று. பழைய நோட்டீஸ்களைப் பிரஸ்காரர்கள் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே ஒட்டினால் போனில் கிறுக்கலாகத்தான் தெரியும், தேடினாலும் வராது. எல்லா போனிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றிய பின் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கடைப் பெயரில் ஒரு ஒற்று பிசகினாலும் முதலில் கவனிப்பவர் முதலாளிதான்.

ஒப்படைத்த பின் காணாமல் போவது

"பண்ணிக் கொடுத்துட்டுப் போயிட்டார், அப்புறம் போனே எடுக்கலை" என்பதுதான் இந்த ஊரில் வெப்சைட்காரர்களைப் பற்றி அதிகம் கேட்கும் புகார். எந்நேரமும் எடுக்க வேண்டியதில்லை. எந்த நேரத்தில் எடுப்பீர்கள், சைட் திறக்கவில்லை என்றால் எத்தனை மணி நேரத்தில் பார்ப்பீர்கள், நீங்கள் ஊரில் இல்லாதபோது யாரைக் கூப்பிடலாம் என்பதைச் சொல்லிவிட்டு அதன்படி நடங்கள். ஒப்படைக்கும் நாளில் டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல் ஆகியவற்றின் கணக்குப் பெயர்களையும் புதுப்பிக்கும் தேதிகளையும் ஒரு தாளில் அச்சடித்து, கடைக் கணக்கு எழுதுகிறவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தத் தாளில் எழுதாமல் முதலாளியையே மாற்றச் சொல்லி, அவர் மாற்றி முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள்.