நிறமும் ஒளிர்வும் கொண்டு ஸ்பினெல் கல்லின் சுவடுத் தனிமங்களை அறிதல்

ஸ்பினெல் ஒரு ரத்தினக் கல். தூய நிலையில் அது மக்னீசியமும் அலுமினியமும் கலந்த ஓர் ஆக்சைடு. அதற்கு நிறமே கிடையாது. சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் என நாம் விரும்பித் தேடும் நிறங்கள் யாவும், படிகம் வளர்ந்தபோது மிகச் சிறிய அளவில் உள்ளே புகுந்த வேற்றுத் தனிமங்களால், அதாவது சுவடுத் தனிமங்களால், வருபவை. இப்படிகத்தில் உலோக அயனிகளுக்கு இருவகை இடங்கள் உள்ளன: நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த நான்முகி இடத்தில் மக்னீசியமும், ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்த எண்முகி இடத்தில் அலுமினியமும் அமர்கின்றன. குரோமியமும் வனேடியமும் அலுமினியத்தின் இடத்தைப் பிடிக்கின்றன. ஈரிணைதிற இரும்பு, கோபால்ட், மாங்கனீசு ஆகியவை பெரும்பாலும் மக்னீசியத்தின் இடத்துக்குச் செல்கின்றன. எந்த அயனி எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது எந்த ஒளியை உறிஞ்சும், எதை உமிழும் என்பது அமைவதால், இந்தப் பகுப்பை மனத்தில் கொண்டே சோதனையைத் தொடங்குவது நல்லது.

கருவிகள் எளியவை: ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கை நிறமாலைநோக்கி, செல்சி வடிகட்டி (அடர்சிவப்பையும் சிறிது மஞ்சள்பச்சையையும் மட்டும் கடக்க விடும் நிறக் கண்ணாடி), 365 நானோமீட்டர் அலைநீளம் தரும் புற ஊதாக் கைவிளக்கு (நெட்டலை விளக்கு), இயன்றால் 254 நானோமீட்டர் விளக்கு (குற்றலை விளக்கு) ஒன்று, ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ஒளிவிலகல்மானி. குற்றலை விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு செய்யும் என்பதால், தகுந்த கண்ணாடி அணியாமல் அதை இயக்கக் கூடாது.

முதலில் கல்லைத் துடைத்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்திலும், பின்னர் மஞ்சள் சாயலுள்ள இழை விளக்கிலும் பார்க்க வேண்டும். சிவப்பும் இளஞ்சிவப்பும் குரோமியத்தைச் சுட்டுகின்றன. குரோமியம் 400, 540 நானோமீட்டர்களை ஒட்டி இரு அகன்ற பட்டைகளில் ஒளியை உறிஞ்சிவிட்டுச் சிவப்பைக் கடக்க விடுகிறது. வனேடியத்தின் பங்கு கூடும்போது நிறம் ஆரஞ்சை நோக்கி நகர்கிறது. குரோமியத்துடன் ஈரிணைதிற இரும்பும் கணிசமாக இருந்தால் ஊதாச் சாயல் ஏறும். இரும்பு மட்டுமே மேலோங்கினால் சாம்பல் கலந்த நீலமோ மங்கிய ஊதாவோ கிடைக்கும்.

நீலக் கற்களில்தான் கண்ணின் தீர்ப்பை எளிதில் நம்பக் கூடாது. இரும்பு தரும் நீலமும் கோபால்ட் தரும் நீலமும் ஒரே கல்லில் கலந்திருப்பது வழக்கம். காணுறு ஒளியில் இரும்பின் உறிஞ்சல்கள் வலுக்குறைந்தவை ஆகையால், நிறம் தர அது ஏராளமாக இருந்தாக வேண்டும். கோபால்ட்டோ பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் என்ற அளவிலேயே நீலத்தைத் தூக்கிக் காட்டிவிடும். வியட்நாமின் லுக் யென் பகுதியிலிருந்து வரும் துலக்கமான நீலக் கற்கள் இதற்கு நல்ல சான்று. நிறமாலைநோக்கியில் 459 நானோமீட்டர் அருகே நீலப் பகுதியில், ஒளி உறிஞ்சப்பட்டதைக் காட்டும் தெளிவான கரும்பட்டை தெரிந்தால் அது இரும்பின் முத்திரை. பச்சையிலிருந்து ஆரஞ்சு வரை, ஏறத்தாழ 545, 580, 625 நானோமீட்டர்களில் மூன்று பட்டைகள் நின்றால் அது கோபால்ட். இரண்டும் சேர்ந்தே தென்பட்டாலும் வியப்பில்லை. செல்சி வடிகட்டி வழியே கல் சிவந்து தோன்றுவது கோபால்ட்டுக்குச் சாதகமான குறிப்பு என்றாலும், இரும்பு மிகுந்த கல்லில் அச்சிவப்பு மங்கிவிடும்.

அடுத்தது ஒளிர்வு, அதாவது புற ஊதா ஒளி போன்றவை பட்டதும் கல் தானே ஒளி உமிழ்வது. என் கருத்தில் ஸ்பினெல் தன்னை மிக வெளிப்படையாகக் காட்டிக்கொள்வது இங்கேதான். அறையை நன்றாக இருட்டாக்கி, கண் இருளுக்குப் பழகிய பிறகு நெட்டலை விளக்கை அடிக்க வேண்டும். குரோமியம் கொண்ட கல் சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியை நிறமாலைநோக்கியில் பார்த்தால், 685 நானோமீட்டர் அருகே உள்ள முதன்மைக் கோட்டின் இருபுறமும் மெல்லிய கோடுகள் வரிசையாக நிற்பதைக் காணலாம்; மாணிக்கத்தில் 694 நானோமீட்டர் அருகே தோன்றும் நெருங்கிய இரட்டைக் கோட்டிலிருந்து இது தெளிவாக வேறுபடுகிறது. ஒளிர்வு மங்கலாக இருந்தால், நீலநிறத் தாமிர சல்பேட் கரைசல் வழியே செலுத்திய வெண்ணொளியைக் கல்லின் மேல் பாய்ச்சி, சிவப்பு வடிகட்டி வழியே நோக்கினால் அது எடுப்பாகத் தெரியும்.

ஒளிர்வின் வலிமையைக் குரோமியத்தின் அளவாகவே எடுத்துக்கொள்வது பரவலான பிழை. குரோமியம் ஏற்ற ஆற்றலை இரும்பு வாங்கி, ஒளியாக்காமலேயே வெப்பமாக வீணாக்கிவிடுகிறது. எனவே அடர்சிவப்புக் கல் மந்தமாக ஒளிர்வதும், வெளிர் இளஞ்சிவப்புக் கல் தழலாய் எரிவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பளிங்குப் பாறையில் இரும்பு குறைவு. மியான்மரின் மொகோக், தான்சானியாவின் மகெங்கே ஆகிய பளிங்குப் பகுதிகளின் சிறந்த கற்கள் பகல் வெளிச்சத்திலேயே உள்ளிருந்து ஒளி கசிவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். இரும்பு மிகக் குறைந்த சில வெளிர் கற்கள் பச்சையாக ஒளிரும். அது நான்முகி இடத்திலுள்ள மாங்கனீசின் வேலை. துத்தநாகம் நிறத்துக்கு எதுவும் செய்யாது. மிகுதியாக இருந்தால் ஒளிவிலகல் எண்ணையும் அடர்த்தியையும் உயர்த்தும்.

அதே சிவப்புக் கோடுகள் கல்லின் வெப்ப வரலாற்றையும் சொல்கின்றன. இயற்கைக் கல்லில் மக்னீசியமும் அலுமினியமும் பெரும்பாலும் தத்தம் இடங்களில் ஒழுங்காக இருப்பதால் கோடுகள் கூர்மையாக இருக்கும். ஏறத்தாழ 750 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் அவை இடம் மாறிக் கலந்து, கல் குளிர்ந்த பிறகும் பழைய ஒழுங்குக்குத் திரும்புவதில்லை. கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலக்கின்றன. உயர்வெப்பத்தில் வளர்க்கப்பட்ட செயற்கைச் சிவப்பு ஸ்பினெல்லிலும் இதே அகன்ற வடிவம் தோன்றும். ஆகவே மங்கிப் பரந்த கோடுகளைக் கண்டால் சூடேற்றியதா, செயற்கையா என்ற கேள்வி எழுகிறது. அடுத்து ஒளிவிலகல் எண்ணை அளக்க வேண்டும்: இயற்கைக் கல் பொதுவாக 1.718 அருகே நிற்கும். சுடர் உருக்கு முறையில் (தூளைச் சுடரில் உருக்கிப் படிகமாக வளர்க்கும் முறையில்) செய்த செயற்கைக் கல் 1.728 அருகே இருக்கும். கோபால்ட் சேர்த்த செயற்கை நீலக் கல்லில் இரும்பு இல்லாததால், அது நெட்டலையில் வலுவாகச் சிவந்து, 459 நானோமீட்டர் பட்டையைக் காட்டாமல் விடுகிறது. அளவும் பட்டைகளும் முரண்பட்டால், லேசர் தூண்டும் ஒளிர்வு நிறமாலையும் லேசரால் கல்லின் நுண்துளியை ஆவியாக்கித் தனிமங்களை அளக்கும் லேசர் நீக்கப் பொருண்மை நிறமாலைப் பகுப்பாய்வும் செய்யும் ஆய்வகத்துக்குக் கல்லை அனுப்புவதே முறை.